பழைய ஹைலக்ஸ் கெப்பைச் சேற்றுப் பந்தயத்துக்குக் கட்டுவது

சேற்றுப் பந்தயத்துக்கு வண்டி கட்டப் போகிறவர் கராஜ் பாஸிடம் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றித்தான். டர்போ போடலாமா, டீசல் பம்பைக் கூட்டி விடலாமா? ஆனால் பந்தயத்தில் பாதியில் நின்று கயிறு கட்டி இழுபடும் வண்டிகளைக் கவனியுங்கள். ஒன்று ரேடியேட்டர் அடைபட்டுச் சூடேறி நின்றிருக்கும். இன்னொன்று காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் குடித்திருக்கும். மற்றொன்றில் முன் அக்ஸலின் மூட்டு உடைந்திருக்கும். வலு போதாமல் நின்ற வண்டி அபூர்வம். ஆகவே தண்ணீரும் சேறும் உள்ளே புகாமல் அடைப்பதற்கு முதல் பணம், சூட்டை வெளியேற்றுவதற்கு அடுத்தது, பிறகு டயர், பிறகு அக்ஸல். எஞ்சினுக்குக் கடைசி இடம். இந்த வரிசையை மாற்றிச் செலவழித்தால் வேகமாகப் போய் நடுக்குழியில் நிற்கும் வண்டிதான் கிடைக்கும்.

அளவுகளுக்கு டொயோட்டா ஹைலக்ஸ் எல்என்106ஐ எடுத்துக்கொள்கிறேன். 2,779 சீசீ 3எல் டீசல் எஞ்சின், கம்பியூட்டர் இல்லாத பம்ப், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங், முன்னாலும் ஒரே குழாயாக ஓடும் அக்ஸல். சேற்றுக்கு இதைவிடப் பொருத்தமான பழைய கெப் கிடைப்பது கஷ்டம். ஏறத்தாழ இதே உருவத்தில் முன்பக்கம் லீஃப் ஸ்பிரிங்குக்குப் பதிலாக டோர்ஷன் பார் என்ற முறுகும் கம்பி வைத்த ஹைலக்ஸும் உண்டு. விற்பவர் சொல்வதை விட்டுவிட்டு அடியில் குனிந்து பாருங்கள். சில்லிலிருந்து சில்லுக்கு ஒரு தடித்த இரும்புக் குழாய் போனால் அதுதான் நமக்கு வேண்டியது. இரு பக்கமும் ரப்பர் பூட் மாட்டிய தண்டுகள் தெரிந்தால் அது மற்றது. அதை 40 மி.மீற்றருக்கு மேல் உயர்த்தினால் தண்டின் கோணம் கூடி பூட் கிழியத் தொடங்கும். கிழிந்த பூட்டுக்குள் சேறு போன மூட்டு அதிக நாள் தாங்காது.

மலையகத்தில் ஓடிய கெப் என்றால் செசியைப் பார்ப்பதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். மரக்கறி மூட்டையோடு உர மூட்டையும் சுமந்த வண்டிகள் இவை. சிந்திய அமோனியம் சல்பேட் மழை ஈரத்தோடு சேர்ந்து பெட்டியின் அடித்தகட்டையும் அதற்குக் கீழுள்ள செசியையும் தின்றுவிடும். பின் அக்ஸலுக்கு மேலே செசி வளையும் இடம், பின் ஸ்பிரிங்கின் நுனியைப் பிடிக்கும் ஷக்கிள் என்ற ஆடும் இணைப்பு தொங்கும் பிராக்கெட், கெப்புக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள பகுதி: இந்த மூன்றையும் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்ற சத்தம் மந்தமாக மாறும் இடத்தில் ஸ்குரூ டிரைவரை அழுத்திக் குத்திப் பாருங்கள். துளைத்துக்கொண்டு உள்ளே போனால், வெளியே பூசிய புதுக் கறுப்புப் பெயின்றுக்காகப் பணம் கொடுக்காதீர்கள். ஒட்டுப் போடக்கூடிய அளவு பழுது என்றால் 4 அல்லது 5 மி.மீ. தகட்டை சாய்சதுரமாக வெட்டி வெல்ட் செய்ய வேண்டும். செசிக்குக் குறுக்கே நேர்கோடாக வெல்ட் ஓடினால், செசி வளைந்து கொடுக்கும்போது அந்தக் கோட்டோரமே வெடிப்பு விடும்.

இன்னொரு சோதனை. டிஃப் என்பது அக்ஸலின் நடுவிலிருந்து இரண்டு சில்லுக்கும் வலுவைப் பிரித்துக் கொடுக்கும் கியர்த் தொகுதி. முன் டிஃபும் பின் டிஃபும் ஒரே விகிதமா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் யாரோ ஒருவர் பின் டிஃபை மட்டும் கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கி மாற்றியிருப்பார். ஒரு அக்ஸலின் இரண்டு சில்லையும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, இரண்டையும் ஒன்றாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுதான் விகிதம். முன்னால் 4.10, பின்னால் 4.30 என்று இருந்தால் சேற்றில் தெரியாது. இறுக்கமான நிலத்தில் நாலு சில் இழுவை போட்டதும் முன்னுக்கும் பின்னுக்கும் வலுவைப் பகிரும் டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குள் முறுக்கம் ஏறி ஏதாவது ஒன்று உடையும்.

தண்ணீர் நுழையும் வழிகள்

டிஃப், கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் பெட்டி எல்லாவற்றுக்கும் மூச்சு விட ஒரு சிறு வால்வு உண்டு. தார் வீதிக்கு அது போதும். பந்தயத்தில் டிஃப் நன்றாகச் சூடேறிய பிறகு குளிர்ந்த குழித் தண்ணீருக்குள் இறங்குகிறது. நுவரெலியாப் பக்கத்துத் தண்ணீரின் குளிர் சொல்லத் தேவையில்லை. உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அந்த வெற்றிடத்தை நிரப்ப, அக்ஸல் சீல் வழியாகவோ பழைய வால்வு வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். சீல் புதிதாக இருந்தாலும் இது நடக்கலாம், ஏனென்றால் அந்த சீல்கள் உள்ளிருந்து ஒயில் வெளியே வராமல் தடுக்கச் செய்யப்பட்டவை.

செய்ய வேண்டிய வேலை சின்னது. நான்கு வால்வுகளையும் கழற்றி, அதே மரை உள்ள ஹோஸ் நிப்பிள்களை ஹைட்ரோலிக் ஹோஸ் விற்கும் கடையில் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். உள்விட்டம் 8 மி.மீ. உள்ள டீசல் ஹோஸ் போதும். நான்கையும் பொனட்டுக்குள் ஃபயர்வோலின் உச்சிக்குக் கொண்டுபோய், நுனியில் சிறு பிளாஸ்டிக் ஃபில்டர் ஒன்றை மாட்டிவிடுங்கள். பின் அக்ஸலுக்குப் போகும் ஹோஸில் குறைந்தது 300 மி.மீ. தளர்வு விட வேண்டும். அக்ஸல் முழுதாகத் தொங்கும்போது இழுபட்டுக் கழன்றால் செய்த வேலை வீண். ஹோஸ் எங்கும் பள்ளமாகத் தொங்காமல் மேல்நோக்கியே போக வேண்டும். பள்ளத்தில் தேங்கும் ஈரம் வழியை அடைத்துவிடும்.

டிஃபுக்கு ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 ஒயில், ஊற்றும் துளையின் விளிம்பு வரை. கியர் பெட்டிக்கு ஜிஎல்-4. ஜிஎல்-5இல் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மங்கள் கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ வளையங்களின் பித்தளையை அரிக்கும் என்பதால் இரண்டுக்கும் ஒரே கேனைப் பாவிக்கக் கூடாது.

இனி எஞ்சினின் மூச்சு. 3எல் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 695 சீசீ. அமுக்க விகிதம் 22க்கு 1. அப்படியானால் பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் 33 சீசீ அளவுதான், இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல். அவ்வளவு தண்ணீர் உள்ளே போனால் போதும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ரொட் வளையும். காற்றை உயரத்திலிருந்து எடுக்க, ஸ்னோர்கல் என்ற பெயரில் கெப்பின் ஓரமாக ஒரு குழாயை நிறுத்திவிட்டால் இது தடுபடாது. காற்று ஃபில்டர் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ரப்பர் வால்வு, பெட்டி மூடியின் கஸ்கெட், ஃபெண்டரைத் துளைத்துப் போகும் முழங்கை, இன்டேக் வரை போகும் ரப்பர் ஹோஸின் கிளிப்: ஒவ்வொன்றையும் கழற்றி பொலியூரித்தேன் சீலண்ட் பூசி இறுக்க வேண்டும். கம்பெனி ஸ்னோர்கல் வாங்க முடியாதவர்கள் பிவிசி குழாயில் செய்கிறார்கள். அதில் குறை இல்லை. உள்விட்டம் பழைய காற்று வழியைவிடச் சிறுக்காமலும் முழங்கைகள் இரண்டுக்கு மேல் போகாமலும் பார்த்துக்கொண்டால் சரி.

வேலை சரியா என்று அறிய, எஞ்சினை ஐட்லில் ஓடவிட்டு ஸ்னோர்கலின் வாயை ரப்பர் விரித்த பலகையால் மூடுங்கள். சில நொடிகளில் எஞ்சின் திணறி அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் எங்கோ வேறு வழியாகக் காற்று போகிறது. காற்று போகும் வழியில் தண்ணீரும் போகும். ஓடும்போது சவர்க்கார நுரையைப் பூசிக்கொண்டு வந்தால் நுரை உள்ளே இழுபடும் இடம் காட்டிக்கொடுக்கும்.

தண்ணீருக்குள் எஞ்சின் தானாக நின்றுவிட்டால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். வெளியே இழுத்தெடுத்து, பம்பின் சொலினொய்ட் வயரைக் கழற்றி, நான்கு ஹீட்டர் பிளக்கையும் எடுத்த பிறகே சுற்ற வேண்டும். துளைகளுக்கு நேரே யாரும் முகத்தை வைக்கக் கூடாது, தண்ணீர் பீறிட்டு வரும்.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று டைமிங் பெல்ட் மூடி. 3எல் எஞ்சினின் கேம் சுற்றுவது பெல்ட்டில். மூடியின் கஸ்கெட் காய்ந்து போன எஞ்சினில் சேறும் சிறு கல்லும் உள்ளே போய் பெல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் சிக்கும். பெல்ட் ஒரு பல் தாண்டினாலே ஓட்டம் கெடும், கூடத் தாண்டினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். வீதிக்கு 100,000 கி.மீ. என்று சொல்லும் பெல்ட்டைச் சேற்று வண்டியில் அந்தக் கணக்கில் விட முடியாது. ஒவ்வொரு பந்தயத்துக்குப் பின்னும் மேல் மூடியைத் திறந்து பார்த்து, பருவத்துக்கு ஒன்று மாற்றுவதே நல்லது. கிளச் ஹவுசிங்கின் அடித்துளைக்கும் ஒரு மரை அடைப்பு வேண்டும். பந்தயம் முடிந்ததும் அதைக் கழற்றி வடியவிட மறக்கக் கூடாது.

சூடு

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை, ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் நன்றாக இருந்து 0.9 பார் அமுக்கத்தைத் தாங்கினால் கொதிநிலை 115 பாகை அளவுக்கு உயரும். மூடி தளர்ந்திருந்தால் கொழும்பில் சமாளித்த வண்டி இங்கே நீராவி விடும். 3எல் எஞ்சினின் ஹெட் சூட்டைப் பொறுக்காது, வால்வுகளுக்கு நடுவில் வெடிக்கும். ஒரு நல்ல மூடியின் விலையோடு ஒரு ஹெட்டின் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டும் வேலையின் முதல் நாளே மூடியை மாற்றிவிடலாம்.

ரேடியேட்டர் முன்னால் இருக்கும்வரை அதன் இதழ்களைச் சேறு அடைக்கும். முன்னால் போகும் வண்டி தெறிக்கும் செம்மண் எஞ்சின் சூட்டில் காய்ந்து இறுகிவிட்டால் ஒரு சுற்றுக்குள்ளேயே ஊசி ஏறத் தொடங்கும். பந்தயத்துக்கென்றே கட்டும் கெப் என்றால் ரேடியேட்டரைப் பின் பெட்டிக்குக் கொண்டுபோவதே சரியான தீர்வு. வெற்றுப் பெட்டியால் பின்பக்கம் பாரமில்லாமல் துள்ளும் வண்டிக்கு அந்த எடை நன்மையும் கூட.

செய்யும் விதம்: மூன்று அல்லது நான்கு வரிசைக் கொப்பர் கோர், பெட்டித் தரையிலிருந்து 200 மி.மீ. உயர்த்திக் கட்டிய ஃபிரேம், அடியில் ரப்பர் புஷ். எஞ்சினிலிருந்து பின்னால் போகும் இரண்டு இரும்புக் குழாய்களின் உள்விட்டம் பழைய ரேடியேட்டர் ஹோஸைவிடக் குறையக் கூடாது. குழாய்களைச் செசியின் உட்பக்கமாக, அடிவிளிம்புக்கு மேலேயே கொண்டுபோக வேண்டும். வெளியே தொங்கினால் முதல் கல்லிலேயே நசுங்கும். குழாயின் நுனிகளில் வெல்ட்டால் சிறு மேடு வைத்தால்தான் ஹோஸ் கிளிப் பிடித்து நிற்கும். முழு அமைப்பில் எது உயரமான இடமோ அங்கே காற்று வெளியேற்றும் மரையாணி வையுங்கள். இதை விட்டுவிட்டால் ஹெட்டுக்குள் காற்றுக் குமிழ் தங்கி, வெப்பமானி சாதாரணமாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஹெட் வெந்துவிடும். ஓட்டுநருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே முழு அகலத்துக்கு இரும்புத் தகடு கட்டாயம். ஹோஸ் வெடித்தால் கொதிதண்ணீர் கண்ணாடி வழியாக முதுகில் வரும்.

12 அங்குல எலெக்ட்ரிக் ஃபேன் இரண்டு போதும். ஒவ்வொன்றும் 10 முதல் 15 அம்பியர் இழுக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே, தனி 25 அம்பியர் ஃபியூஸ், 4 சதுர மி.மீ. வயர். ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் வைத்தால் ஆழக் குழிக்குள் இறங்கும் முன் அணைத்துக்கொள்ளலாம். ரேடியேட்டரை முன்னாலேயே வைத்திருக்கிறவர்கள் கிரில்லுக்கு முன் தடித்த தார்பாயைக் கட்டி, ஃபேன் பெல்ட்டோடு சுற்றும் விசிறி தண்ணீரில் முன்னோக்கி வளைந்து ரேடியேட்டர் கோரை வெட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓல்டர்னேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த எஞ்சினில் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கொடுக்கும் பம்ப் ஓல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே இருக்கிறது. சேறு புகுந்து ஓல்டர்னேட்டர் இறுகினால் பெட்டரி சார்ஜ் மட்டும் போகாது, பிரேக்கும் கல்லாகிவிடும். முன் சில்லின் உள் ஃபெண்டருக்கு லொறி மட்கார்ட் ரப்பரை வெட்டி முழுதாக அடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். கார்பன் பிரஷ்களைப் பருவம் தொடங்கும் முன் மாற்றுங்கள். பெட்டரியை சீட்டுக்குப் பின்னால் போல்ட் செய்த பெட்டிக்குள் வைத்து, வெளியிலிருந்தும் எட்டக்கூடிய மெயின் சுவிட்ச் ஒன்றைப் பொருத்த வேண்டும்.

டயர்

மலையகத்தில் சேறு ஒரே மாதிரி இல்லை. தேயிலை மலைகளின் செம்மஞ்சள் மண்ணில் மழை பெய்தால் மேலே ஒரு சாண் களி, அதன் கீழே கல்லும் கிரவலும் கலந்த கெட்டித் தரை. இங்கே உயரமான, ஒடுக்கமான டயர் களியைக் கிழித்துக் கீழே பிடிக்கும். ஏரிக்கரை, வயல், மரக்கறித் தோட்டத்துத் தாழ்நிலம் என்றால் கறுப்புச் சேறு அடி தெரியாமல் போகும். அங்கே அகலமான டயர் மிதந்து போகும், ஒடுக்கமான டயர் தனக்கே குழி தோண்டும். பருவமும் பார்க்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் ஹற்றன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் நிலம் ஊறிக் கிடக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் மழை பதுளை, ஊவாப் பக்கத்தை நனைக்கும். சித்திரை மாதப் பந்தயத்தில் காலையில் காய்ந்திருக்கும் ஓடுபாதை, பின்னேர இடிமழைக்குப் பிறகு மேலே வழுவழுப்பும் கீழே கெட்டியுமாக மாறிவிடும். அன்றைக்கு ஒடுக்கமான டயர்தான் கை கொடுக்கும்.

ஒரே செட் டயர்தான் வாங்க முடியும் என்றால் 31×10.5ஆர்15 மட் டெரைன் எடுங்கள். 33 அங்குலம் ஆசை காட்டும். சாதாரண 235/75ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 733 மி.மீ., 33 அங்குலம் 838 மி.மீ. விட்டத்தில் 105 மி.மீ. கூடினாலும் டிஃபின் அடியில் கிடைப்பது அதில் பாதி, 52 மி.மீ.தான். அதற்கு விலையாக 4.10 டிஃப் 3.59 போல வேலை செய்யும். சில்லின் சுழற்சி வேகம் விழுந்தால் டயரின் பட்டன்களுக்கு நடுவிலுள்ள களி தெறித்துப் போகாது. டயர் மொழுக்கென்று உருளையாகிவிடும். 33 போட்டே தீர வேண்டும் என்றால் முன்னும் பின்னும் 4.55 அல்லது 4.875 டிஃபுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். ஸ்பீடோமீற்றர் 50 காட்டும்போது வண்டி 57இல் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காற்று 15 பிஎஸ்ஐயில் தொடங்கலாம். டயர் விளிம்பை ரிம்மோடு இறுக்கும் பீட்லொக் இல்லாத ரிம்மில் 12க்குக் கீழே போனால் பக்கவாட்டில் வழுக்கும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். டியூப் போட்ட டயரில் குறைந்த காற்று வேண்டவே வேண்டாம். டயர் ரிம்மில் நழுவி வால்வைப் பிய்த்துவிடும். ரிம் 15×8, ஓஃப்செட் பூச்சியத்துக்கும் மைனஸ் 25க்கும் நடுவில். அதற்கு மேல் வெளியே தள்ளினால் பார்வைக்கு அழகாக இருக்கும், வீல் பெயாரிங் அழும்.

உயர்த்துவதும் வெட்டுவதும்

31 டயருக்கு 50 மி.மீ. உயர்த்தினால் போதும். மீதி இடத்தை ஃபெண்டரை வெட்டி எடுங்கள். சரிவிலும் குழி விளிம்பிலும் ஓடும் வண்டியை 100, 150 மி.மீ. தூக்கினால் எடையின் மையம் மேலேறி உருளும். உயரத்தைவிட ஸ்பிரிங்கின் ஓட்டம் முக்கியம். பின் ஸ்பிரிங்கின் அடியிலுள்ள தடித்த பாரப் பட்டை ஒரு டொன் சாமான் ஏற்றுவதற்கானது. வெற்று வண்டியில் அது துள்ளத்தான் செய்யும், கழற்றிவிடுங்கள். ஷக்கிளை நீட்டி உயர்த்துவோர் கவனிக்க: 50 மி.மீ. நீண்ட ஷக்கிள் 25 மி.மீ. மட்டுமே உயர்த்தும், கூடவே சில்லை நேராக ஓட வைக்கும் காஸ்டர் கோணத்தையும் முன் அக்ஸலில் கெடுத்து ஸ்டியரிங்கை அலைய வைக்கும். முன் அக்ஸலில் இரும்புக் கட்டை வைத்து உயர்த்துவது ஆபத்து. பிரேக் பிடிக்கும்போது அக்ஸல் முறுக்கிக் கட்டை தெறிக்கலாம். ஸ்பிரிங்கை அக்ஸலோடு கட்டும் யூ போல்ட் எப்போதும் புதிதாக இருக்க வேண்டும். ஒருமுறை இழுபட்டுக் கழற்றியது மறுமுறை சரியாக இறுகாது.

உயர்த்திய பின் மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும். ஒரு சில்லை ஜாக்கில் முழுதாக ஏற்றி மறுபக்கத்தைத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பாருங்கள். அதே நிலையில் ஷொக் அப்சோபரின் நீளத்தை அளந்தே புதியதை வாங்குங்கள். பின் அக்ஸலிலிருந்து ஒரு கம்பி போய்ச் சேரும் பிரேக் வால்வு, வண்டி உயர்ந்ததும் பாரமில்லை என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதன் பிராக்கெட்டையும் உயர்த்திய அளவுக்கு இறக்கிச் சரிசெய்ய வேண்டும்.

டிஃப் லொக்கும், முன் அக்ஸலும்

திறந்த டிஃபில் ஒரு சில் சுழன்றால் மற்றது நிற்கும். சேற்றில் பின் டிஃபைப் பூட்டாமல் பந்தயம் இல்லை. ரீகண்டிஷன் சாமானில் டொயோட்டாவின் எலெக்ட்ரிக் லொக் வைத்த டிஃப் நல்ல நிலையில் கிடைத்தால் அதுவே முதல் தெரிவு. ஏர் லொக்கர் இன்னும் நல்லது, விலைதான் கடிக்கும். கையில் காசு குறைவென்றால் டிஃபை வெல்ட் செய்வது நடைமுறை. பின் டிஃபை மட்டும், பந்தய வண்டிக்கு மட்டும்.

அதையும் முறையாகச் செய்ய வேண்டும். ஹைலக்ஸில் டிஃபின் நடுப் பாகத்தை முழுதாக வெளியே எடுக்கலாம். பெயாரிங்கையும் கிரவுன் வீலையும் கழற்றிவிட்டு, கேரியரைக் கழுவி ஒயில் துளிகூட இல்லாமல் காயவிடுங்கள். 200 பாகை அளவுக்குச் சூடேற்றி, ஈரமில்லாத 7018 ரொட்டால் ஸ்பைடர் கியரையும் சைட் கியரையும் பல்லோடு பல் சேர்த்து நிரப்ப வேண்டும். கேரியரின் வார்ப்பிரும்பில் வெல்ட் பிடிக்க வைக்கக் கூடாது, அது வெடிக்கும். முடிந்ததும் காய்ந்த மணலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் வெல்ட் கண்ணாடி போல் நொறுங்கும். ஸ்லாக் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் பெயாரிங்கைத் தின்றுவிடும் என்பதால் கம்பி பிரஷால் முழுதாகச் சுத்தம் செய்துதான் பூட்ட வேண்டும். இப்படி வெல்ட் செய்த வண்டியை நனைந்த தார் வீதியில் ஓட்டாதீர்கள். ரம்பொடை போன்ற கொண்டை ஊசி வளைவில் பின்பக்கம் நேராகவே தள்ளும். லொறியில் ஏற்றிக்கொண்டு போங்கள். உருமாற்றிய வண்டியை வீதியில் ஓட்ட மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அனுமதியும் வேண்டும்.

முன் அக்ஸலில், ஸ்டியரிங்கோடு சில் திரும்பும் உருண்டை நக்கிளுக்குள் இருக்கும் பேர்ஃபீல்ட் மூட்டுத்தான் பலவீனமான இடம். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துக்கொண்டு எக்ஸிலரேட்டரை மிதித்தால் அதன் உள்கூடு பிளக்கும். முழு ஒடிப்பில் டக் டக் என்று சத்தம் கேட்டால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பிரித்துப் பூட்டும்போது மொலிப்டினம் கிரீஸ், புது உள் அக்ஸல் சீல், உருண்டை நக்கிளைத் துடைக்கும் ஃபெல்ட்டும் ரப்பரும் சேர்ந்த கிட், ஹப் நட்டுக்கு 54 மி.மீ. சொக்கெட். உளியால் தட்டி இறுக்கும் பழக்கம் பெயாரிங்கின் ஆயுளைப் பாதியாக்கும். நக்கிளிலிருந்து கிரீஸ் தண்ணீராக ஒழுகினால் உள் சீல் போய் டிஃப் ஒயில் கலந்துவிட்டது.

வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் கூண்டுக்கு ஜீ.ஐ. தண்ணீர்க் குழாயை நினைத்தும் பார்க்காதீர்கள். உலக மோட்டார் பந்தயச் சம்மேளனமான எஃப்ஐஏவின் விதி சொல்லும் அளவு நல்ல வழிகாட்டி: பிரதான வளைவுக்குத் தையலில்லாத உருக்குக் குழாய் 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிப்பு. மற்றவற்றுக்கு 38க்கு 2.5. கால் ஊன்றும் இடத்தில் 3 மி.மீ. தடிப்பும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள தகடு, குறைந்தது மூன்று எம்8 போல்ட், 8.8 தரம். வெட்டத் தொடங்கும் முன் நீங்கள் ஓடப்போகும் பந்தயத்தின் விதித்தாளை வாங்கிப் படியுங்கள். மஹகஸ்தோட்டை மலையேற்றத்துக்கும் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லுக்கும் எழுதிய விதி சேற்றுப் பந்தயத்துக்குப் பொருந்தாது. இழுக்கும் கொக்கியை முன்னும் பின்னும் செசியில் போல்ட் செய்யுங்கள். டிரெய்லர் மாட்டும் டோ போலில் கயிறு மாட்டி இழுத்தால் அது உடைந்து பறந்து ஆளைக் கொல்லும்.

கடைசியில் எஞ்சின்

நுவரெலியா உயரத்தில் காற்றமுக்கம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். 90 குதிரைவலு அளவிலான 3எல், அங்கே ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். அதை ஈடுகட்ட பம்பின் ஸ்குரூவைத் திருகினால் எரிய ஒட்சிசன் இல்லாத டீசல் கறுப்புப் புகையாகப் போகும், சூடு ஏறும், ஹெட் வெடிக்கும். வலு மட்டும் ஏறாது. பந்தயம் நடக்கும் உயரத்திலேயே வைத்து, புகை மெல்லிதாகும் வரை குறைப்பதுதான் முறை. இன்ஜெக்டர்களைச் சோதித்துச் சரிசெய்வதும், வால்வு இடைவெளி பார்ப்பதும், இழந்ததில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். உண்மையில் வலு வேண்டுமென்றால் டர்போ எஞ்சின் மாற்ற வேண்டும். 2,982 சீசீ 1கேஇஸட் பொருந்தும். கம்பியூட்டர் பம்ப் உள்ள 1கேஇஸட்-டிஇயை விட்டு, மெக்கானிக்கல் பம்ப் உள்ள 1கேஇஸட்-டி தேடுங்கள். நனையக்கூடிய வயர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

கழுவும் வேலை

அன்றைக்கே கழுவ வேண்டும். காய்ந்த களி ரிம்மின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டு ஸ்டியரிங்கை ஆட்டும், செசிப் பெட்டிக்குள் தங்கித் துருவை வளர்க்கும். ஆனால் மலை ஓடைக்குள் வண்டியை இறக்காதீர்கள். பயிற்சிக்கும் அப்படித்தான். அந்த ஓடைக்குக் கீழே லயங்களில் இருப்பவர்கள் குழாய் போட்டு அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். டீசலும் ஒயிலும் கலந்தால் அவர்களுக்கு மாற்று வழி இல்லை. பௌசர் தண்ணீர் அல்லது சேவிஸ் ஸ்டேஷன்.

அமுக்கக் குழாயை ஓல்டர்னேட்டர், ஹப் சீல், யுனிவர்சல் மூட்டு ஆகியவற்றுக்கு நேரே பிடிக்க வேண்டாம். பின் டிரம்களைக் கழற்றி உள்ளே இருக்கும் மணலைக் கழுவுங்கள், விட்டால் ஷூவும் டிரம்மும் ஒன்றையொன்று அரைத்துவிடும். எல்லா கிரீஸ் நிப்பிளிலும் பழைய கிரீஸ் முழுக்க வெளியேறிப் புதியது தெரியும் வரை அடியுங்கள். பிறகு இரண்டு டிஃப், கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் பெட்டி நான்கின் வடி போல்ட்டையும் தளர்த்தி முதல் துளிகளைப் பாருங்கள். ஒயிலைவிடத் தண்ணீர் பாரம், முதலில் வரும். பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் முழுவதையும் வடித்து, மலிவு ஒயில் கொஞ்சம் ஊற்றிச் சில்லைச் சுற்றி அதையும் வடித்துவிட்டு, புதிது நிரப்பி, தண்ணீர் எந்த சீல் வழியாக வந்தது என்று அடுத்த பந்தயத்துக்கு முன் கண்டுபிடியுங்கள். கடைசியாக யூ போல்ட் நட்டுகள் பதினாறையும் அக்ஸலில் வண்டியின் எடை இறங்கிய நிலையில் மீண்டும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். சேற்றில் ஒரு நாள் ஓடிய பிறகு கொஞ்சமாவது தளர்ந்திருக்கும்.